ரெண்டு சர்வருக்கு நடுவுல எந்த பைல் போகணும், எது போகக்கூடாது: ஆர்சிங்க் ரூல் எழுதுறது எப்படி

கடலூர்ல தென்பெண்ணை பக்கம் தாழ்வான ஒரு தெருவுல ஒரு போட்டோ ஸ்டூடியோ, அவங்களுக்கே புதுச்சேரி லாஸ்பேட்டையில மாடியில ஒரு எடிட்டிங் ரூம். கடலூர் கடையில ஒரு லினக்ஸ் சர்வர், லாஸ்பேட்டையில இன்னொண்ணு, தினம் ராத்திரி கடலூர் டேட்டா லாஸ்பேட்டைக்கு காப்பி ஆகணும், இதுதான் எனக்கு கொடுத்த வேலை. ஆர்சிங்க்-ங்கிற பைல் காப்பி டூல் வெச்சு செட் பண்ணி கொடுத்தேன், ராத்திரி ராத்திரி ஓடுச்சு, லாக்ல எர்ரர் ஒண்ணும் இல்ல, எல்லாருக்கும் நிம்மதி. 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி கிட்ட கரை கடந்துச்சு இல்லையா, அதுக்கப்புறம் சாத்தனூர் டேம்ல தண்ணி திறந்து தென்பெண்ணையில வெள்ளம் வந்தப்ப கடைக்குள்ள தண்ணி ஏறி கீழ இருந்த சர்வர் முழுசா நனைஞ்சு போச்சு. லாஸ்பேட்டை காப்பி இருக்கே அண்ணே கவலைப்படாதீங்கன்னு நான்தான் தைரியம் சொன்னேன்.

ரெண்டு நாள் கழிச்சு அண்ணன் போன் பண்றாரு. "தம்பி, கல்யாண ஆல்பம் எல்லாம் இருக்குப்பா, இந்த அஞ்சு மாசத்து கோயில் போல்டர் ஒண்ணு கூட இல்லையே?"

இல்லதான். நான் எழுதின எக்ஸ்க்ளூட் லிஸ்ட்ல, அதாவது எது போகக்கூடாதுங்கிற லிஸ்ட்ல ஒரு வரி, டெம்ப்-ங்கிற நாலு இங்கிலீஷ் எழுத்து, அதுக்கு பின்னாடி ஒரு ஸ்டார், அதாவது அதுக்கப்புறம் எந்த எழுத்து வந்தாலும் சரின்னு. டெம்ப் பைல், டெம்ப்1 போல்டர், டெம்ப்ஓல்ட் போல்டர் இதெல்லாம் போக வேண்டாம்னு போட்டது. டெம்பிள்-ங்கிற போல்டர் பேரும் அதே நாலு எழுத்துலதான் ஆரம்பிக்குது. அஞ்சு மாசமா ஒரு கோயில் படம் கூட போகல. கும்பாபிஷேகம் ஒண்ணோட ஜேபெக் மட்டும் கோயில்காரங்களுக்கு கொடுத்த பென்டிரைவ்ல இருந்து திரும்ப கிடைச்சுது, ரா பைல், அதாவது கேமராவோட ஒரிஜினல் எல்லாம் போனது போனதுதான். அண்ணன் என்னை திட்டக்கூட இல்ல, அதுதான் இன்னும் கஷ்டமா இருந்துச்சு.

அதனால இந்த விஷயத்தை நிதானமா எழுதணும்னு தோணுச்சு. ரெப்ளிகேஷன், அதாவது இந்த சர்வர் டு சர்வர் காப்பியோட லாக்குல என்ன போச்சுன்னு பார்க்கிறதை விட என்ன போகலன்னு பார்க்கிறதுதான் முக்கியம், இதுக்கு ரூல் எப்படி வேலை செய்யுதுன்னு தெரியணும், அப்புறம் போகாத பைல் லிஸ்ட்டை எடுத்து கண்ணால படிக்கணும். ரெண்டுமே சொல்றேன். கமாண்ட், ஆப்ஷன், போல்டர் பேர் எல்லாத்தையும் இங்க தமிழ் எழுத்துலயே எழுதுறேன், டைப் பண்றப்ப நீங்க இங்கிலீஷ்ல அடிச்சுக்கோங்க.

ஆர்சிங்க் 1996-ல வந்தது, ஆண்ட்ரூ டிரிட்ஜெல்லும் பால் மக்கராஸும் எழுதினது, இன்னிக்கும் சர்வர் டு சர்வர் காப்பிக்கு முதல்ல கை போறது இதுக்குதான். இதுல ரூல் ஒவ்வொண்ணும் ஒரு வரி, முன்னாடி + போட்டா சேத்துக்கோ, - போட்டா விட்டுடு. ஒவ்வொரு பைலுக்கும் மேல இருந்து கீழ ரூலை ஒவ்வொண்ணா பார்த்துட்டே வரும், எது முதல்ல பொருந்துதோ அங்கயே முடிவு, அதுக்கு கீழ என்ன எழுதியிருந்தாலும் கண்டுக்காது. எதுவுமே பொருந்தலன்னா அந்த பைல் போகும். இந்த கடைசி வாக்கியத்தை மறந்துடாதீங்க, நிறைய பேர் + மட்டும் எழுதி வெச்சுட்டு மத்ததெல்லாம் தானா நின்னுடும்னு நினைக்கிறாங்க, நிக்காது, கடைசியில ஒரு "- *" போட்டாதான் நிக்கும்.

வெப்சைட் வேலை பார்க்கிற தம்பிங்க இங்க கண்டிப்பா குழம்புவாங்க, ஏன்னா கிட்-ங்கிற கோட் சேமிக்கிற டூல்ல இக்னோர் பைல் எழுதுறப்ப கடைசியா பொருந்துற வரிதான் ஜெயிக்கும், ஆர்சிங்க்ல முதல்ல பொருந்துறதுதான் ஜெயிக்கும். கிட் இக்னோர் பைலை அப்படியே காப்பி பண்ணி ஆர்சிங்குக்கு கொடுத்தா நீங்க நினைச்சதுக்கு நேர் எதிரா நடக்க வாய்ப்பு இருக்கு.

அடுத்து ஸ்லாஷ். இதுலதான் பாதி பிரச்சனை. பேருக்கு பின்னாடி ஸ்லாஷ் போட்டா அது போல்டரை மட்டும் குறிக்கும், அதே பேர்ல பைல் இருந்தா தொடாது. பேருக்கு முன்னாடி ஸ்லாஷ் போட்டா காப்பி ஆரம்பிக்கிற இடத்துல இருக்கறது மட்டும், முன்னாடி ஸ்லாஷ் இல்லன்னா எவ்வளவு உள்ள இருந்தாலும் அந்த பேர் வர்ற எல்லா இடத்துலயும் பொருந்தும். நான் அன்னிக்கு "- /டெம்ப்/"னு முன்னாடி ஒண்ணு பின்னாடி ஒண்ணு ஸ்லாஷ் போட்டு, ஸ்டார் இல்லாம எழுதியிருந்தா கோயில் போல்டருக்கு ஒண்ணும் ஆகியிருக்காது. இப்ப என் பழக்கம் என்னன்னா எக்ஸ்க்ளூட் வரியில முடிஞ்ச வரைக்கும் முழு பாதையை எழுதுறது, ஸ்டார் போடுறதா இருந்தா முன் பக்கம், அதாவது *.டிஎம்பி மாதிரி எக்ஸ்டென்ஷனுக்கு முன்னாடி மட்டும், பேருக்கு பின்னாடி ஸ்டார் போடுறதே இல்ல.

இந்த முன் ஸ்லாஷ் எங்க இருந்து கணக்குங்கிறது நீங்க சோர்ஸ் பாதையை எப்படி கொடுத்தீங்கங்கிறதை பொறுத்து மாறும். சோர்ஸை /டேட்டா/ஸ்டூடியோ/ அப்படின்னு கடைசியில ஸ்லாஷோட கொடுத்தா ஸ்டூடியோவுக்கு உள்ள இருக்கறதுதான் ஆரம்பம், "/2024/"னு எழுதலாம். கடைசி ஸ்லாஷ் இல்லாம கொடுத்தா ஸ்டூடியோ போல்டரும் சேர்ந்தே போகும், அப்ப ரூலை "/ஸ்டூடியோ/2024/"னு எழுதணும். ஸ்கிரிப்ட்ல யாரோ ஒருத்தர் அந்த ஒத்த ஸ்லாஷை தெரியாம அழிச்சா போதும், முன் ஸ்லாஷ் போட்ட ரூல் ஒண்ணு கூட பொருந்தாது, எர்ரரும் வராது.

ஸ்டார்ல மூணு வகை. ஒத்த ஸ்டார் ஸ்லாஷை தாண்டாது, ரெட்டை ஸ்டார் தாண்டும், போல்டர் பேர், ஒரு ஸ்லாஷ், அதுக்கப்புறம் மூணு ஸ்டார் போட்டா அந்த போல்டரும் அதுக்குள்ள இருக்கற எல்லாமும்னு அர்த்தம்.

இப்ப எல்லாரும் மாட்டிக்கிற இடம். 2024 போல்டருக்குள்ள டெம்பிள் மட்டும் போகட்டும், வேற எதுவும் வேணாம்னு வெச்சுக்கோங்க. "+ /2024/டெம்பிள்/***" ஒண்ணு, கீழ "- *" ஒண்ணு எழுதுவோம், ஓட்டுனா ஒண்ணுமே போகாது. ஏன்னா ஆர்சிங்க் மேல இருந்து இறங்கி வரும், முதல்ல 2024-ங்கிற போல்டரை பார்க்கும், அதுக்கு + ரூல் எதுவும் பொருந்தல, "- *" பொருந்துது, வெளிய நிறுத்திடும், வெளிய நிறுத்தின போல்டருக்குள்ள எட்டிக்கூட பார்க்காது, டெம்பிள் உள்ள இருக்கறதே அதுக்கு தெரியாது. வாசல் கதவை பூட்டிட்டு பூஜை ரூமை திறந்து வெச்சு என்ன பிரயோஜனம், அந்த மாதிரி. அதனால வழியில இருக்கற ஒவ்வொரு போல்டருக்கும் கதவை திறந்து விடணும்:

+ /2024/
+ /2024/டெம்பிள்/***
- *

அவ்வளவுதான். எந்த போல்டர்ல இருந்தாலும் பரவாயில்ல பிடிஎஃப் மட்டும் வேணும்னா "+ */" முதல் வரி, "+ *.பிடிஎஃப்" ரெண்டாவது, "- *" மூணாவது. முதல் வரி எல்லா போல்டரையும் திறந்து விடுது. ஆனா காலி போல்டர் எல்லாம் அந்தப்பக்கம் போய் நிக்கும், அதுக்கு ப்ரூன் எம்ப்டி டிர்ஸ் ஆப்ஷன் இருக்கு, சின்ன எழுத்து எம், அதையும் சேத்துக்கோங்க.

எக்ஸ்டென்ஷன் வெச்சு ரூல் எழுதுறப்ப கேமராவை மறந்துடாதீங்க. நிறைய கேமரா பைல் பேரை பெரிய எழுத்துல வைக்கும், கம்ப்யூட்டர்ல எக்ஸ்போர்ட் பண்றது சின்ன எழுத்துல வரும், லினக்ஸுக்கு ரெண்டும் வேற வேற. சின்ன எழுத்து ஜேபெக்குக்கு மட்டும் + போட்டா எடிட் பண்ணது போகும், கேமராவுல இருந்து வந்த ஒரிஜினல் போகாது. ஒவ்வொரு எழுத்துக்கும் சதுர அடைப்புக்குள்ள சின்னதும் பெரியதும் சேர்த்து எழுதலாம், இல்ல ரெண்டு வரியா எழுதிடலாம், நான் ரெண்டு வரியாதான் எழுதுவேன், ஆறு மாசம் கழிச்சு படிக்கிறப்ப புரியணும்.

தமிழ்ல பைல் பேர் வெக்கிறவங்களுக்கு இன்னொரு விஷயம், இது எங்கயும் யாரும் சொல்லி நான் கேட்டதில்ல. கோயில்னு ஒரு போல்டர். அந்த "கோ"வுல இருக்கற ஓகார குறியை யூனிகோட்ல ரெண்டு விதமா சேமிக்கலாம், ஒரே குறியா ஒண்ணு, முன்னாடி ஏகார கொம்பு பின்னாடி கால்னு ரெண்டு குறியா பிரிச்சு இன்னொண்ணு. திரையில பார்த்தா ரெண்டும் ஒண்ணுதான், ஆனா முதல் வகை 3 பைட், ரெண்டாவது 6 பைட். பழைய மேக் ஹார்ட் டிஸ்க்ல, அதாவது எச்எஃப்எஸ் பிளஸ் பார்மட்ல இருந்து வந்த போல்டர் பேர் பிரிச்ச வடிவத்துல இருக்கும், நம்ம லினக்ஸ்ல ரூலை டைப் பண்றப்ப பெரும்பாலும் சேர்ந்த வடிவத்துல விழும். ஆர்சிங்க் பைட்டை பைட்டோடதான் ஒப்பிடும், பொருந்தாது. கொ, கோ, கௌ மூணு வரிசைக்கும் இதே கதை. கன்வ்எம்வி-ங்கிற டூல்ல என்எஃப்சி ஆப்ஷன் போட்டு பேரை எல்லாம் ஒரே வடிவத்துக்கு மாத்திடுறது நல்லது, உடனே முடியலன்னா அந்த இடத்துல மட்டும் ஸ்டார் போட்டு "க*யில்"னு எழுதி சமாளிக்கலாம், ஆனா ஸ்டார் வேற எதையாவது இழுத்துட்டு வரும், ஜாக்கிரதை. அப்புறம் தமிழ் குறி ஒவ்வொண்ணும் 3 பைட், இஎக்ஸ்டி4-ங்கிற லினக்ஸ் டிஸ்க் பார்மட்ல ஒரு பேருக்கு 255 பைட்தான், அதாவது 85 குறி, புள்ளியும் காலும் கொம்பும் எல்லாம் தனித்தனி கணக்கு. கல்யாண பத்திரிகையில இருக்கற மாதிரி நீளமா பைல் பேர் வெச்சா அந்த எல்லையில போய் முட்டும்.

சரி, எதை விடலாம் எதை விடக்கூடாது? நான் கேக்கிற ஒரே கேள்வி, இந்த பைல் தொலைஞ்சா திரும்ப உருவாக்க முடியுமா. போட்டோ எடிட் பண்ற லைட்ரூமோட ப்ரிவ்யூ போல்டர் எவ்வளவு பெருசா இருந்தாலும் விடலாம், ஒரிஜினலும், எடிட் எல்லாம் பதிவாகிற கேட்டலாகும் இருந்தா அதுவே திரும்ப செஞ்சுக்கும். ஆனா கேட்டலாக் பைலையும், ரா பக்கத்துல உக்காந்திருக்கிற, எடிட் விவரம் இருக்கற எக்ஸ்எம்பி பைலையும் விட்டா எடிட்டிங் உழைப்பு மொத்தமும் போச்சு, எக்ஸ்எம்பி சில கேபி இருக்கறதால குப்பைன்னு நினைச்சு தூக்கறவங்க இருக்காங்க. வீடியோ எடிட் பண்ற பிரீமியர்ல மீடியா கேஷ் விடலாம், ஆட்டோ சேவ் போல்டரை விடாதீங்க. விண்டோஸ் தம்ஸ் டிபி, மேக் டிஎஸ் ஸ்டோர், இதெல்லாம் யோசிக்காம விடலாம்.

டேட்டாபேஸ் தனி. மைஎஸ்க்யூஎல் ஓடிட்டு இருக்கறப்ப அதோட டேட்டா போல்டரை பைல் பைலா காப்பி பண்ணாதீங்க, காப்பி ஆரம்பிக்கிறப்ப ஒரு நிலைமை முடியறப்ப வேற நிலைமை, அந்தப்பக்கம் போய் சேர்றது உடைஞ்ச சாமான். அந்த போல்டரை எக்ஸ்க்ளூட் பண்ணிட்டு, காப்பிக்கு முன்னாடி மைஎஸ்க்யூஎல்டம்ப்பை சிங்கிள் டிரான்சாக்ஷன் ஆப்ஷனோட ஓட்டி, இன்னோடிபி டேபிளா இருந்தா இது போதும், அந்த டம்ப் பைலை மட்டும் அனுப்புங்க. லைட்ரூம் கேட்டலாகும் உள்ளுக்குள்ள எஸ்க்யூலைட்-ங்கிற டேட்டாபேஸ்தான், அதனால ராத்திரி காப்பி ஓடுறப்ப லைட்ரூம் மூடியிருக்கணும், எடிட்டர் தம்பிகிட்ட இதை கண்டிஷனா சொல்லிடுங்க. டேலி மாதிரி கணக்கு சாப்ட்வேர்னா அதோட சொந்த பேக்கப் மெனுவுல எடுத்த பைலை அனுப்புறதுதான் சேஃப்.

இப்ப டிலீட். ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கணும்னா டிலீட் ஆப்ஷன் போடுவோம், இங்க அழிச்சா அங்கயும் அழியும். எக்ஸ்க்ளூட் பண்ண பைல் அந்தப்பக்கம் ஏற்கனவே இருந்தா டிலீட் அதை தொடாது, அது பாதுகாப்பு. ஆனா டிலீட் எக்ஸ்க்ளூடட்னு இன்னொரு ஆப்ஷன் இருக்கு, அது போட்டா எக்ஸ்க்ளூட் லிஸ்ட்ல இருக்கறதை எல்லாம் அந்தப்பக்கம் தேடி அழிக்கும். டிஸ்க் ஃபுல் ஆகுதேன்னு யாரோ சொன்னாங்கன்னு இதை போட்டுடாதீங்க, தப்பா ஒரு எக்ஸ்க்ளூட் வரி எழுதின அன்னிக்கு ராத்திரியே இருக்கற காப்பியும் காலி. என் கேஸ்ல அது போடல, போட்டிருந்தா அந்த ரூல் எழுதறதுக்கு முன்னாடி போயிருந்த பழைய கோயில் படங்களும் லாஸ்பேட்டையில இருந்து போயிருக்கும்.

இன்னொரு ஆபத்து, சோர்ஸ் டிஸ்க் மவுன்ட் ஆகாம இருக்கறது. கரன்ட் போய் வந்து சர்வர் ஆன் ஆகுது, டேட்டா டிஸ்க் மட்டும் ஏறல, /டேட்டா/ஸ்டூடியோ காலி போல்டரா நிக்குது, ராத்திரி ஆர்சிங்க் ஓடுது, "சோர்ஸ்ல ஒண்ணும் இல்ல"ன்னு அந்தப்பக்கம் எல்லாத்தையும் அழிச்சிடும். இதுக்கு நான் ரெண்டு தடுப்பு வெக்கிறேன். டேட்டா டிஸ்குக்குள்ள ஒரு அடையாள பைல் வெச்சுட்டு, அது கண்ணுக்கு தெரிஞ்சாதான் ஸ்கிரிப்ட் மேல போகணும். ரெண்டாவது மேக்ஸ் டிலீட் ஆப்ஷன், ஒரு ராத்திரிக்கு 200 பைலுக்கு மேல அழிக்காதேன்னு கொடுத்துடுவேன், அதை தாண்டுனா அழிக்கிறதை நிறுத்திட்டு எக்சிட் கோட், அதாவது வேலை முடியறப்ப சொல்ற நம்பர், 25 கொடுக்கும். 24 வந்தா காப்பி நடுவுல ஏதோ பைல் காணாம போச்சுன்னு அர்த்தம், பெரும்பாலும் பரவாயில்ல, 23 வந்தா சில பைல் போகல, 23-க்கும் 25-க்கும் மெயில் வர்ற மாதிரி வெச்சுக்கோங்க. அழியறதையும் நேரா அழிக்காம பேக்கப் டிர் ஆப்ஷன்ல தேதி போட்ட போல்டருக்கு நகர்த்தி வெக்கிறது இன்னும் நல்லது, ரேன்சம்வேர் வந்து பைலை எல்லாம் கெடுத்தா ரெப்ளிகேஷன் அந்த கெட்டதையும் சேர்த்துதான் கொண்டுபோகும்.

ரூலை எல்லாம் கமாண்ட் வரியில எழுதாம ஒரு தனி பைல்ல எழுதி ஃபில்டர் ஆப்ஷன்ல மெர்ஜ் போட்டு அந்த பைலை காட்டுங்க, கமாண்ட் வரியில கோட் மார்க் விட்டுப்போனா ஸ்டாரை, கமாண்டை படிக்கிற ஷெல்லே விரிச்சு வேற எதையோ ஆர்சிங்குக்கு கொடுத்துடும். அந்த பைல்ல # போட்டு ஆரம்பிக்கிற வரி குறிப்பு, ஒவ்வொரு ரூலுக்கும் மேல யார் கேட்டாங்க, ஏன், எந்த தேதின்னு எழுதுங்க. ரூல் இருக்கற அதே வரியில பின்னாடி # போட்டு குறிப்பு எழுதாதீங்க, அதையும் பேர்ல ஒரு பகுதின்னு எடுத்துக்கும், ரூல் பொருந்தாது. போல்டருக்கு போல்டர் தனி ஃபில்டர் பைல் வெக்கிற வசதியும் இருக்கு, பெரிய எழுத்து எஃப். எனக்கு அது பிடிக்கல, ஏதோ ஒரு மூலையில யாரோ போட்ட ஒரு பைல் உங்களுக்கு தெரியாமலே காப்பியை நிறுத்தி வெக்கும்.

எல்லாம் எழுதியாச்சு, இப்பதான் முக்கியமான வேலை. டிரை ரன், சின்ன எழுத்து என், இதோட ஐட்டமைஸ், சின்ன எழுத்து ஐ, ரெண்டும் போட்டா உண்மையில காப்பி பண்ணாம என்ன பண்ணும்னு மட்டும் சொல்லும். பொதுவா இதை ஓட்டி மேலோட்டமா பார்த்துட்டு சரின்னு விட்டுடுவாங்க. நானும் அப்படிதான் விட்டேன், போற பைல் ஆயிரக்கணக்கா ஓடுறப்ப போகாததை எப்படி கவனிக்க முடியும். அதனால இப்படி பண்ணுங்க: டெஸ்டினேஷனா ஒரு காலி போல்டரை கொடுத்து, ரூல் எதுவும் இல்லாம ஒரு டிரை ரன், அவுட்புட்டை ஒரு பைல்ல பிடிங்க. அதே காலி போல்டருக்கு ரூலோட இன்னொரு டிரை ரன், இன்னொரு பைல்ல பிடிங்க. ரெண்டையும் சார்ட் பண்ணி, ரெண்டு பைலுக்கும் வித்தியாசம் காட்டுற டிஃப் கமாண்டை போடுங்க. முதல்ல இருந்து ரெண்டாவதுல இல்லாதது எல்லாம் உங்க ரூல் விட்ட பைல், ஒண்ணு விடாம. வி ரெண்டு தடவை போட்டாலும் எந்த ரூலால எது மறைஞ்சுதுன்னு சொல்லும், ஆனா ஒரு போல்டர் மறைஞ்சா ஒத்த வரிதான் காட்டும், அந்த ஒத்த வரிக்கு பின்னாடி மூவாயிரம் படம் இருக்கறது கண்ணுல படாது. டிஃப்ல மூவாயிரம் வரியும் வந்து நிக்கும், தப்பிக்க முடியாது.

அந்த லிஸ்ட்டை நீங்க மட்டும் படிக்காதீங்க. கடைக்காரரை பக்கத்துல உக்கார வெச்சு காட்டுங்க. போல்டர் பேர் மட்டும் எடுத்து ஒரு பக்கத்துக்கு சுருக்கி, "அண்ணே இதெல்லாம் லாஸ்பேட்டைக்கு போகாது, சரியா"ன்னு கேளுங்க. அந்த அண்ணன் பார்த்திருந்தா ஒரே செகண்ட்ல கோயிலை காட்டியிருப்பாரு. ரூல்ல ஒரு வரி மாத்தினாலும் இந்த டிஃப்பை திரும்ப எடுங்க, மாத்தாம இருந்தாலும் மாசம் ஒரு தடவை எடுங்க, ஏன்னா ரூல் மாறலன்னாலும் புது போல்டர் புது பேர்ல வந்துட்டே இருக்கும்.

வேற டூல் பயன்படுத்துறவங்களுக்கு சுருக்கமா. சிங்க்திங்ல எஸ்டிஇக்னோர் பைல், அங்கயும் முதல்ல பொருந்துறதுதான் ஜெயிக்கும், ஆச்சரியக்குறி போட்டா அது இக்னோர் ஆகாது, போகும். அந்த பைல் மட்டும் ஒரு மெஷின்ல இருந்து இன்னொண்ணுக்கு தானா போகாது, ஒவ்வொரு மெஷின்லயும் தனியா வெக்கணும். விண்டோஸ் சர்வர்ல டிஎஃப்எஸ் ரெப்ளிகேஷன் வெச்சிருக்கவங்க, அதுல நீங்க எதுவும் எழுதாமலே டில்டே (~) குறியில ஆரம்பிக்கிற பைல், டாட் பேக், டாட் டிஎம்பி மூணும் விலக்கி இருக்கும். பேக்கப் பைலை டாட் பேக்னு சேமிக்கிற சாப்ட்வேர் நிறைய, அந்த பேக்கப் அந்தப்பக்கம் போகவே போகாது, இன்னிக்கே போய் பாருங்க.

லாஸ்பேட்டைக்கு போனா போதுமாங்கிறதும் கேள்விதான். கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவுல இருபத்து சொச்சம் கிலோமீட்டர்தான், 2011 டிசம்பர் 30 தானே புயல் ரெண்டு ஊரையும் சேர்த்துதான் அடிச்சுது. அதனால ரா பைலும் கேட்டலாகும் மட்டும் தனி ரூல் பைல் வெச்சு, கடற்கரையை விட்டு தள்ளி இருக்கற ஊர்ல மூணாவது ஒரு காப்பி வெச்சிருக்கோம், அதுக்கும் இதே டிஃப். வருஷா வருஷம் ஐப்பசி மழை பிடிக்கிறதுக்கு முன்னாடி, லாஸ்பேட்டையில இருந்து ஏதாவது நாலு போல்டரை எடுத்து ஒரு பழைய லேப்டாப்ல போட்டு, லைட்ரூம்ல திறந்து எடிட்டோட வருதான்னு பார்க்கிறோம், அதுல ஒரு போல்டர் கோயில்.

கடைசியா ஒண்ணு, நாங்களும் லேட்டா கவனிச்சது. ரூல் பைலும் ஸ்கிரிப்டும் இருந்தது /இடிசி-ல, காப்பி போறது /டேட்டா/ஸ்டூடியோ/. அந்த ரெண்டும் எந்த ராத்திரியும் லாஸ்பேட்டைக்கு போனதே இல்ல, வெள்ளத்துக்கு அப்புறம் எல்லாத்தையும் திரும்ப எழுத வேண்டியதா போச்சு. இப்ப ஸ்கிரிப்ட் ஓடின உடனே முதல் வேலையா ரூல் பைல், ஸ்கிரிப்ட், ராத்திரி அதை தானா ஓட்டுற கிரான் வரி மூணையும் /டேட்டா/ஸ்டூடியோ/செட்டிங்ஸ்/ போல்டருக்குள்ள காப்பி பண்ணிட்டுதான் ஆர்சிங்க் ஆரம்பிக்கும், ரூல் பைல்ல முதல் வரியே "+ /செட்டிங்ஸ்/***"தான்.